சீசன் முடிந்ததும் உங்கள் அணியின் 17 ஆட்டங்களைக் கணக்குப் பார்ப்பது எப்படி

அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில், லீக் சுற்றான ரெகுலர் சீசனின் 18ஆவது வாரம் முடிந்ததும் ஒவ்வொரு அணிக்கும் பக்கத்தில் ஒரு வெற்றி-தோல்விக் கணக்கு நிற்கும்: 13-4, 9-8, 5-12. என்ன நடந்தது என்பதை அது சரியாகச் சொல்லும். அணி எவ்வளவு தேறும் என்பதைப் பாதிதான் சொல்லும். மீதியைத் தெரிந்துகொள்ள ஒரு மாலைப் பொழுதும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் போதும்.

ஞாயிறு இரவே உட்கார வேண்டாம். மறுநாள் 'பிளாக் மண்டே'. கோச்களை வீட்டுக்கு அனுப்பும் செய்திகள் வரிசையாக வரும் நாள் அது. அந்த இரைச்சலில் எதை எழுதினாலும் யாரைத் திட்டுவது என்பதில்தான் போய் நிற்கும். செவ்வாயோ புதனோ உட்காருங்கள். உங்கள் அணி ப்ளேஆஃபுக்கு, அதாவது நாக்அவுட் சுற்றுக்கு, போயிருந்தால் முதல் ஆட்டத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அங்கே ஒரே நாளில் தோற்று வெளியேறினால், அந்தக் கசப்பு முந்தைய 17 ஆட்டங்கள் மேலும் படிந்துவிடும்.

தாளைத் தயார் செய்வது

ஆட்டத்துக்கு ஒரு வரி, மொத்தம் 17 வரிகள். ஒவ்வொன்றிலும் எதிரணி, உள்ளூரா வெளியூரா, இரு பக்கப் புள்ளிகள், வித்தியாசம், டர்ன்ஓவர் (பந்து எதிரணியிடம் பறிபோவது), குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) இறங்கியவர் ஆகியவற்றை எழுதுங்கள். கடைசியாக, காயத்தால் ஆடாத முக்கிய வீரர்களுக்கு ஒரு கட்டம். இதை நிரப்பப் பலரும் சோம்பல்படுவார்கள், ஆனால் பின்னால் எழும் கேள்விகளில் பாதிக்கு இதில்தான் பதில் இருக்கும்.

பிறகு வித்தியாசம் 8 அல்லது அதற்குக் குறைவாக உள்ள வரிகளுக்கு நிறம் போடுங்கள். பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசெல்லும் டச்டவுனுக்கு 6, அதையொட்டிய கூடுதல் முயற்சிக்கு அதிகபட்சம் 2. ஆக, ஒரே தடவை பந்தை எடுத்துச் சென்று சமன் செய்யக்கூடிய ஆட்டங்கள் இவை. இந்த வரிகளில் வெற்றி தோல்வி வருடத்துக்கு வருடம் புரண்டுகொண்டே இருக்கும். பெரிய வித்தியாசங்கள் அவ்வளவு சுலபத்தில் ஏமாற்றாது.

2022 மினசோட்டா வைக்கிங்ஸ் அணியை இந்தத் தாளில் போட்டுப் பாருங்கள். 13 வெற்றி, 4 தோல்வி. அந்த நான்கும் அடி வாங்கிய தோல்விகள்: ஈகிள்ஸிடம் 24-7, கௌபாய்ஸிடம் 40-3, லயன்ஸிடம் 34-23, பேக்கர்ஸிடம் 41-17. நான்கிலும் சேர்த்து 89 புள்ளிகள் பின்தங்கல். வெற்றிகளில் 11 நூலிழையில் வந்தவை. அந்தப் பதினொன்றையும் கூட்டினால் வித்தியாசம் 54தான், ஆட்டத்துக்கு ஐந்துகூட இல்லை. முழு சீசனிலும் அடித்தது 424, கொடுத்தது 427. பதின்மூன்று ஆட்டம் ஜெயித்த அணி மொத்தத்தில் மூன்று புள்ளி நஷ்டத்தில் இருந்தது. ப்ளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே ஜயன்ட்ஸிடம் 31-24 என்று தோற்றது. அடுத்த சீசன் 7-10.

புள்ளிகளிலிருந்து வெற்றியைக் கணிப்பது

அடித்த புள்ளிகளை 2.37 அடுக்குக்கு உயர்த்துங்கள். கொடுத்த புள்ளிகளையும் அப்படியே. முதல் எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து 17ஆல் பெருக்கினால், அந்தப் புள்ளிகளுக்கு வழக்கமாக வரக்கூடிய வெற்றிகள் கிடைக்கும். வைக்கிங்ஸுக்கு 8.4 வருகிறது, கையில் இருந்ததோ 13. இரண்டு வெற்றி வரை முன்பின் இருந்தால் விட்டுவிடுங்கள். மூன்றைத் தாண்டினால் ஏன் என்று கேளுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. 18ஆவது வாரத்தில், இடம் உறுதியான அணிகள் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுக்கும். 2024 கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அப்படித்தான் தன் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை உட்கார வைத்து டென்வரிடம் 38-0 என்று தோற்றது. அடித்தது 385, கொடுத்தது 326 என்று முழு சீசனையும் எடுத்தால் கணிப்பு 10.2 வெற்றி. அந்த ஓர் ஆட்டத்தை நீக்கினால் 16 ஆட்டங்களுக்கு 10.6. அதே 16 ஆட்டங்களில் அணி ஜெயித்தது 15. கணக்கைச் சுத்தம் செய்த பிறகும் இடைவெளி அப்படியே நிற்பதைக் கவனியுங்கள். ஓய்வு கொடுத்த ஆட்டத்தை நீக்குங்கள், ஆனால் நமக்குப் பிடிக்காத தோல்வியையெல்லாம் அதே சாக்கில் தூக்கிவிடாதீர்கள்.

டர்ன்ஓவர்

இன்டர்செப்ஷனையும் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது) ஃபம்பிளையும் (கையிலிருக்கும் பந்து நழுவுவது) ஒரே கட்டத்தில் போட்டால் கணக்கு கெடும். இன்டர்செப்ஷனில் குவார்ட்டர்பேக்கின் பழக்கம் ஓரளவு தெரியும். ஃபம்பிளில் பந்தைத் தட்டிவிடுவது திறமை, உருண்ட பந்து யார் கைக்குப் போகிறது என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். நீள்உருண்டைப் பந்து எப்பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மொத்த ஃபம்பிள்களையும் அவற்றில் எத்தனை எதிரணிக்குப் போயின என்பதையும் தனித்தனியாக எழுதுங்கள். 20 ஃபம்பிளில் 5 மட்டுமே பறிபோயிருந்தால், அடுத்த வருடமும் அதையே நம்பி இருக்க முடியாது.

சீசனை எங்கே வெட்டுவது

உங்கள் மனநிலை மாறிய இடத்தில் வெட்டாதீர்கள். குவார்ட்டர்பேக் மாறிய வாரம், குவார்ட்டர்பேக்குக்குக் காவல் நிற்கும் இடது டாக்கிள் காயப்பட்ட வாரம், 18 வாரங்களில் ஆட்டமில்லாத அந்த ஒரு ஓய்வு வாரம் என்று காரணம் உள்ள இடத்தில் வெட்டுங்கள். டெட்ராய்ட் லயன்ஸ் 2022இல் 1-6 என்று தொடங்கி 9-8 என்று முடித்தது. அடுத்த வருடம் 12-5. சீசனின் பிற்பாதி சொன்னது பலித்தது. ஈகிள்ஸ் 2023இல் 10-1 என்று தொடங்கி, கடைசி ஆறில் ஐந்தைத் தோற்று, ப்ளேஆஃபில் 32-9 என்று கவிழ்ந்தது. அடுத்த சீசனில் 14-3, கூடவே சாம்பியன் பட்டத்துக்கான சூப்பர் பௌல் வெற்றி. இங்கே பிற்பாதி பொய்த்தது. இடையில் தாக்குதல், தற்காப்பு இரண்டுக்கும் கோஆர்டினேட்டர்களை (அந்தந்தப் பிரிவின் பயிற்சியாளர்களை) மாற்றினார்கள், பந்தோடு ஓடும் ரன்னிங்பேக் சாக்வான் பார்க்லியை எடுத்தார்கள். ஆக, சரிவு என்று எழுதினால் மட்டும் போதாது. அது ஆளால் வந்ததா, திட்டத்தால் வந்ததா, எதிரணிகளின் பலத்தால் வந்ததா என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஒரே ஒரு வரி சீசனைத் தீர்மானிப்பதும் உண்டு. 2022இல் லயன்ஸும் சீஹாக்ஸும் 9-8. நான்காவது வாரம் சீஹாக்ஸ் 48-45 என்று ஜெயித்திருந்தது, கணக்கு சமமானால் யார் முன்னே என்று தீர்மானிக்கும் முதல் டைபிரேக்கர் நேருக்கு நேர் முடிவுதான். ஜனவரியில் லயன்ஸ் வெளியே நின்றதற்கு அந்த மூன்று புள்ளி போதுமானதாக இருந்தது. உங்கள் தாளிலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்த வருடத்துக்கு

எதிரணிகள் யார் என்பது இப்போதே தெரியும், தேதிகள்தான் பின்னால் வரும். லீக் இரண்டு கான்ஃபரன்ஸ்களாகவும், ஒவ்வொன்றும் நான்கு அணிகள் கொண்ட டிவிஷன்களாகவும் பிரிந்திருக்கும். சொந்த டிவிஷனோடு 6, அதே கான்ஃபரன்ஸில் ஒரு முழு டிவிஷனோடு 4, எதிர் கான்ஃபரன்ஸில் ஒரு முழு டிவிஷனோடு 4. மிச்சம் 3 ஆட்டங்களில் மட்டும்தான், நீங்கள் முடித்த அதே இடத்தில் தத்தம் டிவிஷனில் முடித்த அணிகள் வரும். கடைசி இடம் பிடித்தால் அட்டவணை சுலபம் என்ற பேச்சில் உள்ள உண்மை அவ்வளவே.

புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ப்ளேஆஃபுக்கு வராத 18 அணிகளுக்கு மோசமான கணக்கிலிருந்து வரிசை போடுவார்கள். கணக்கு சமமானால், எளிய எதிரணிகளோடு ஆடிய அணிக்கு முன்னிடம்.

கடைசியாக, மார்ச்சில் ஒப்பந்தம் முடியும் வீரர்களின் பெயர்களைத் தாளின் அடியில் எழுதி, ஒவ்வொருவரும் 17இல் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று பக்கத்தில் போடுங்கள். ஆறு ஆட்டம் மட்டும் ஆடிய நட்சத்திரத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று விவாதிக்கும்போது அந்த எண் கண்முன்னால் இருக்க வேண்டும்.