திரிஷா சக்கரம் பின்னோக்கிச் சுழன்றது ஏன்?

பினாங்கு ஜோர்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு திரிஷா (ஆள் ஏற்றும் மூன்று சக்கர மிதிவண்டி) மெதுவாகப் போவதைக் கைப்பேசியில் எடுத்து, என் நிரலுக்குக் கொடுத்தேன். நம் கண்ணும் மூளையும் அசைவை உணரும் விதத்தைக் கணக்காக்கி 1985-இல் அடெல்சனும் பெர்கனும் முன்வைத்த 'அசைவு ஆற்றல்' மாதிரி அது. வண்டி போகும் திசையைச் சரியாகச் சொன்னது. சக்கரம் மட்டும் பின்னோக்கிச் சுழல்கிறதாம்!

நிரலில்தான் பிழை என்று நினைத்து, மூன்று இரவுகள் அதில் அசைவைப் பிரித்தெடுக்கும் கணக்குகளான வடிகட்டிகளையே குடைந்தேன். ஒன்றுக்கொன்று கால் அலை தள்ளி நிற்கும் வடிகட்டி ஜோடி, இரண்டும் தரும் விடைகளின் வர்க்கங்களின் கூட்டு, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. கடைசியில் அம்மாதான் திரையில் ஓடிய காணொளியை எட்டிப் பார்த்து, "எனக்கும் பின்னாடிதான்டா சுத்துது" என்றார்.

டயர் வால்வை அடையாளமாக வைத்துப் படம் படமாக நகர்த்தி அளந்தேன். சக்கரத்தில் 36 கம்பிகள். இடைவெளி 10 பாகை. நொடிக்கு 30 படம் என்ற கணக்கில், அடுத்த படத்துக்குள் சக்கரம் 8 பாகை முன்னே போய்விடுகிறது. கம்பிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், 8 முன்னே என்பதைவிட 2 பின்னே என்பதே கிட்டத்து விடை. மனிதர் ஏமாறும் அதே இடத்தில் மாதிரியும் ஏமாந்திருக்கிறது! அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் அதே தெருவில் நொடிக்கு 240 படமாக எடுத்தேன். அந்த வேகத்துக்குப் படத்துக்கு 1 பாகைதான் நகர்வு. சுழலும் திசையைக் காட்ட நிரல் திரையில் வரையும் அம்புக்குறிகள் எல்லாம் முன்னோக்கித் திரும்பின.