ஆங்கிலத்தின் "நோ": எங்கே வைப்பது, எப்போது சொல்வது?

ஆங்கிலம் கற்கத் தொடங்குபவர் முதல் நாளிலேயே அறிந்துகொள்ளும் சொற்களுள் "நோ" ஒன்று. "நோ என்றால் இல்லை" என்று ஒரே வரியில் மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். ஆனால் தமிழில் மறுப்பதற்கு இல்லை, அல்ல, வேண்டாம், கூடாது, மாட்டேன், முடியாது, கிடையாது எனத் தனித்தனிச் சொற்கள் இருக்க, ஆங்கிலம் அவற்றின் வேலையில் பெரும்பகுதியை "நோ", "நாட்" என்னும் இரண்டு சொற்களிடம் ஒப்படைத்திருக்கிறது. எந்த வேலை எந்தச் சொல்லுக்கு உரியது என்பது தெளிவாகும்வரை பிழை வந்துகொண்டேதான் இருக்கும்.

படி 1: மறுப்புச் சொல்லுக்கு அடுத்து வருவது எது என்று பாருங்கள்

பெயர்ச்சொல் வந்து, அதற்கு முன்னால் "எ", "த", "எனி", "மை" போன்ற சிறு சொல் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் "நோ" பொருந்தும்: "ஐ ஹேவ் நோ டைம்", "தெர் இஸ் நோ வாட்டர்". வினையையோ பெயரடையையோ மறுக்கும்போது "நாட்" வர வேண்டும்: "ஷி இஸ் நாட் ரெடி", "ஐ டூ நாட் ஹேவ் எனி டைம்". அந்தச் சிறு சொற்களுள் ஒன்று பெயருக்கு முன்னால் இருந்தாலும் "நாட்" தான்: "திஸ் இஸ் நாட் மை பேக்". "ஐ நோ ஹேவ் டைம்" என்பது பிழை. "ஐ நாட் ஹேவ் டைம்" என்பதும் பிழை, ஏனெனில் இங்கே "டூ" என்னும் துணைவினை இல்லாமல் "நாட்" நிற்க முடியாது.

தமிழ் அறிந்தவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. "பாட்டிலில் தண்ணீர் இல்லை" என்பது ஒரு பொருளின் இருப்பை மறுக்கிறது. "இது தண்ணீர் அன்று" என்பது ஒரு பொருள் இன்னதென்பதை மறுக்கிறது. முன்னதற்கு "தெர் இஸ் நோ வாட்டர்" என்றும், பின்னதற்கு "திஸ் இஸ் நாட் வாட்டர்" என்றும் எழுதுவோம். (இலக்கணப்படி ஒருமைக்கு "அன்று", பன்மைக்கு "அல்ல" என்றாலும், இன்றைய எழுத்தில் "அல்ல" இரண்டுக்கும் பரவிவிட்டது.) எனினும் இந்த வசதியைப் பெயர்ச்சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "வரவில்லை", "பார்க்கவில்லை" என வினையோடு ஒட்டி வரும் "இல்லை" ஆங்கிலத்தில் "நாட்" ஆகிவிடும்.

படி 2: ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு மறுப்பு

"யாரும் வரவில்லை" என்ற வாக்கியத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். "யாரும்" என்ற சொல்லில் மறுப்பு எதுவும் இல்லை. "யாரும் வரலாம்" என்றும் சொல்கிறோம் அல்லவா? மறுப்பு முழுவதும் வினையில்தான் இருக்கிறது. ஆங்கிலத்திலோ "நோபடி கேம்" என்று மறுப்பு எழுவாயிலேயே ஏறிக்கொள்ள, வினை உடன்பாடாகவே நிற்கிறது. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் பேசுபவர், வினையையும் மறுக்க வேண்டும் என்ற பழக்கத்தால் "நோபடி டிட் நாட் கம்" என்று சொல்லிவிடுகிறார். அதன் நேர்ப்பொருள், வராதவர் ஒருவரும் இல்லை, அதாவது எல்லோரும் வந்தார்கள் என்பது! "நத்திங்", "நோவேர்", "நெவர்" ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். "ஐ டோன்ட் ஹேவ் நோ மணி" போன்ற தொடர்களைச் சில வட்டார வழக்குகளில் கேட்கலாம். பொதுத்தர எழுத்தில் அதற்கு இடமில்லை.

எழுத்துமுறையில் கவனிக்க வேண்டியது: "நோ ஒன்" என்பதை இரண்டு சொற்களாக எழுத வேண்டும், "நோபடி" ஒரே சொல். "அவற்றுள் ஒன்றும் இல்லை" என்பதற்கு "நோ ஆஃப் தெம்" என்பது தவறு, "நன் ஆஃப் தெம்" என்பதே சரி.

படி 3: எதிர்மறைக் கேள்விக்கு விடை சொல்லப் பழகுங்கள்

பலரும் இடறும் இடம் இதுதான், நானும் இடறியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொலைபேசியில் மேலாளர் "டிட்ன்ட் யூ கெட் மை மெயில்?" என்று கேட்டார். மின்னஞ்சல் வரவில்லை. "ஆமாம், வரவில்லை" என்ற தமிழ் விடை மனத்தில் எழ, வாய் "யெஸ்" என்று மட்டும் சொல்லிற்று. கிடைத்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். நானோ அந்த மின்னஞ்சலுக்காக மாலைவரை காத்திருந்தேன்.

தமிழில் "நீங்கள் சாப்பிடவில்லையா?" என்று கேட்டால், கேட்டவரின் எண்ணத்தோடு ஒத்துப்போகிறோமா என்று பார்த்து "ஆமாம், சாப்பிடவில்லை" என்கிறோம். ஆங்கிலம் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பதைப் பொருட்படுத்துவதில்லை. நடந்தது என்ன என்பதை மட்டுமே பார்க்கிறது. சாப்பிடவில்லையென்றால் "நோ, ஐ ஹேவன்ட்". சாப்பிட்டிருந்தால் "யெஸ், ஐ ஹேவ்". எனவே "யெஸ்", "நோ" என்ற தனிச்சொல்லோடு நிறுத்தாமல், பின்னால் வரும் துணைவினையையும் சேர்த்தே சொல்லுங்கள். "நோ"வுக்குப் பின் மறுப்பு வடிவம், "யெஸ்"ஸுக்குப் பின் உடன்பாட்டு வடிவம்.

பழைய ஆங்கிலேயருக்கும் இது எளிதாக இருந்ததில்லை என்பது ஓர் ஆறுதல். ஒரு காலத்தில் அவர்களிடம் இதற்கு நான்கு சொற்கள் இருந்தன: உடன்பாட்டுக் கேள்விக்கு "யே", "நே", எதிர்மறைக் கேள்விக்கு "யெஸ்", "நோ". 16ஆம் நூற்றாண்டில் இந்த வேறுபாடு தளர்ந்துகொண்டிருந்தபோது, பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல் அதைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று ஆங்கில அறிஞர் தாமஸ் மோர் குறை கூறி எழுதினார். இறுதியில் மிஞ்சியவை எதிர்மறைக் கேள்விக்குரிய இரண்டு மட்டுமே.

"டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்பதும் கவனிக்கத்தக்கது. "உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்பதே கேள்வி. ஆகவே "நோ" என்றால் உட்காரலாம். "யெஸ்" என்றால் கேட்டவர் வேறு இடம் தேட வேண்டியதுதான்.

படி 4: "வேண்டாம்", "கூடாது" ஆகியவற்றுக்கும் இதே சொல்

எதையேனும் தரும்போது மறுக்க "நோ, தேங்க் யூ" என்க. தனி "நோ" வெடுக்கென்று ஒலிக்கும். தடை அறிவிப்புகளில் "இங்" ஈற்றுச் சொல்லுக்கு முன் வந்து "கூடாது" என்று பொருள்படும்: "நோ ஸ்மோக்கிங்", "நோ பார்க்கிங்".

படி 5: "நாட்" போலத் தோன்றும் இடங்களில் "நோ"

ஒப்பீட்டுச் சொற்களுக்கு முன் "நோ" வரும்: "நோ லாங்கர்" என்றால் இனியும் இல்லை, "நோ பெட்டர்" என்றால் சற்றும் மேம்படவில்லை. "ஹி இஸ் நாட் எ ஃபூல்" என்பது வெறும் தகவல். "ஹி இஸ் நோ ஃபூல்" என்பதிலோ, அவரை ஏமாற்ற நினைக்காதீர்கள் என்ற தொனி ஏறிவிடுகிறது. சொற்பொருளை மட்டும் படிப்பவருக்கு இந்த நுட்பம் பிடிபடாது. வாசிக்க வாசிக்கவே பழகும்.

முகவரியில் எண்ணுக்கு முன் புள்ளியோடு வரும் "நோ." இந்தச் சொல்லின் உறவினர் அன்று. அது "நுமெரோ" என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். "நம்பர்" என்றே படிக்க வேண்டும்.

பயிற்சி

கீழுள்ளவற்றை முதலில் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பிறகு விடைகளைப் பாருங்கள்: "என்னிடம் யாரும் சொல்லவில்லை." "அது என் குடை அன்று." "உங்களுக்குப் புரியவில்லையா? ஆமாம், புரியவில்லை."

விடைகள்: "நோபடி டோல்ட் மி." "தட் இஸ் நாட் மை அம்ப்ரெல்லா." "டோன்ட் யூ அண்டர்ஸ்டாண்ட்? நோ, ஐ டோன்ட்." மூன்றாவதில் "யெஸ்" என்று தொடங்கியிருந்தால், மூன்றாம் படியை மறுபடி ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.