சமன்பாட்டைச் சமப்படுத்தும்போது ஆக்சிஜனைக் கடைசிக்கு விடுங்கள்

கோலாலம்பூரில் நான்காம் படிவ வேதியியலைப் பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ படித்துவிட்டு, வீட்டில் தமிழில் விளக்கம் கேட்கும் பிள்ளைகளுக்கு, வேதிச் சமன்பாட்டைச் சமப்படுத்தக் காட்டச் சமையலறை எரிவாயுத் தோம்பே நல்ல எடுத்துக்காட்டு. அதில் திரவமாக அடைபட்டிருப்பவை பெரும்பாலும் புரோப்பேனும் பியூட்டேனும். பியூட்டேனை எடுத்துக்கொள்வோம்.

பியூட்டேன் மூலக்கூறு ஒன்றில் 4 கார்பன் அணுக்களும் 10 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. அது முழுமையாக எரியும்போது கார்பன் டைஆக்சைடும் நீரும் உண்டாகின்றன. இருபுறமும் ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காக நாம் மாற்றக்கூடியது, வாய்பாட்டின் (நீருக்கு H₂O போன்றது) முன்னால் நிற்கும் எண்ணாகிய கெழுவை மட்டுமே. வாய்பாட்டுக்குள் இருக்கும் சிற்றெண்ணைத் தொட்டால் பொருளே மாறிவிடும். ஆக்சிஜன் குறைகிறதே என்று நீரின் வாய்பாட்டில் இன்னோர் ஆக்சிஜனைச் சேர்ப்பவர் எழுதுவது நீரை அன்று, ஹைட்ரஜன் பெராக்சைடை.

முதலில் கார்பன்: இடப்புறம் 4 இருப்பதால் வலப்புறம் 4 கார்பன் டைஆக்சைடு. அடுத்து ஹைட்ரஜன்: 10 அணுக்களுக்கு 5 நீர். ஆக்சிஜனைக் கடைசிக்கு விடுவதற்குக் காரணம் உண்டு. வலப்புறம் அது இரண்டு பொருள்களில் பிரிந்து கிடக்கிறது, இடப்புறமோ தனித்து நிற்பதால் அதன் கெழுவை மாற்றினாலும் மற்றவை கலையா. இப்போது வலப்புறம் 8 + 5 = 13 ஆக்சிஜன் அணுக்கள். ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டிரண்டு அணுக்களாக வருவதால் ஆறரை மூலக்கூறுகள் தேவைப்படும். மாணவர் பலர் இங்கேதான் பயந்து அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டியதில்லை, எல்லாக் கெழுக்களையும் இரண்டால் பெருக்கினால் போதும்.

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டைஆக்சைடு + 10 நீர்

விடையைச் சோதிக்க மூலக்கூறு நிறைகளை (பியூட்டேன் 58, ஆக்சிஜன் 32, கார்பன் டைஆக்சைடு 44, நீர் 18) கூட்டிப் பார்க்கலாம். இடப்புறம் 2 × 58, 13 × 32, ஆக 532. வலப்புறம் 8 × 44, 10 × 18, அதுவும் 532.

குடிநீர்ச் சுத்திகரிப்பில் பயன்படும் அலுமினியம் சல்பேட்டும் கால்சியம் ஹைட்ராக்சைடும் வினைபுரிவது போன்றவற்றில், மாறாமல் கடந்துபோகும் சல்பேட்டை அணு அணுவாகப் பிரிக்காமல் ஒரே குழுவாக எண்ணுங்கள். அலுமினியம் சல்பேட்டில் 3 சல்பேட்டுகள் இருப்பதால் 3 கால்சியம் சல்பேட்டு கிடைக்கும். அதற்கு 3 கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டும். அவற்றிலுள்ள 6 ஹைட்ராக்சைடு குழுக்களும், மும்மூன்றாக, 2 அலுமினியம் ஹைட்ராக்சைடில் அடங்கிவிடும்.