டிஸ்க் கோல்ஃபில் நேராகப் பறக்கும் புட்டர்

டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டை எறிந்து கூடையில் விழவைக்கும் விளையாட்டு. அதில் குறைந்த தூரத்துக்கு எறியும் தட்டான புட்டரை வாங்கும்போது, தட்டின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களில் கடைசி இரண்டை முதலில் பாருங்கள். மூன்றாவது எண், வேகமாகப் பறக்கையில் தட்டு எவ்வளவு திரும்பும் என்பது. நான்காவது, வேகம் தணிந்ததும் எதிர்ப்பக்கம் எவ்வளவு ஒதுங்கும் என்பது. இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் என்ற புட்டரில் இந்த எண்கள் 2, 3, 0, 1. புதியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

எறிவதில்தான் பலரும் தவறுகிறார்கள். தட்டு மேலே எழும்பி, போதிய தூரம் போகாமல் விழுகிறதா? முன்விளிம்பு தூக்கியிருக்கிறது. கட்டைவிரலால் தட்டின் மேற்புறத்தை அழுத்திப் பிடித்து, மார்புக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் இழுத்து விடுங்கள். பாதி பலம் போதும். சுழற்சி நன்றாக இருக்க வேண்டும். மரத்தில் மோதி விளிம்பு தேய்ந்த பழைய புட்டரை ஒதுக்காதீர்கள், புதியதைவிட அது குறைவாகவே ஒதுங்கும்.