பழைய மாருதி 800-இல் ஏசியைக் கழற்றும் முறை

முதல் வேலை கேஸை வெளியேற்றுவது. பைப்பை லூஸ் செய்து காற்றில் விடவே கூடாது. ஏசி கேஸான ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. கையில் பட்டால் தோல் உறைந்துவிடும். தொண்ணூறுகளின் தொடக்க வண்டி என்றால் உள்ளே ஆர்-12 இருக்கலாம், அது ஓசோனையும் அரிக்கும். கேஸை உறிஞ்சிப் பிடிக்கும் ரெகவரி மெஷின் உள்ள ஏசி கடையில் காலி செய்துவிட்டு வாருங்கள்.

பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டு, கம்ப்ரசர் பெல்ட்டை லூஸ் செய்து கழற்றுங்கள். ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப்பைச் சுற்றும் பெல்ட் வேறு, அதைத் தொடாதீர்கள். துருப்பிடித்த பிராக்கெட் போல்ட்டுகளுக்கு முந்தின இரவே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். பிறகு கம்ப்ரசர், ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சர், அதன் ஃபேன். கண்டென்சரைச் சாய்த்து இழுத்தால் ரேடியேட்டர் துடுப்புகள் மடங்கும்; நடுவில் அட்டை வையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது டேஷ்போர்டுக்கு அடியில்தான். கூலிங் காயிலை மட்டும் எடுத்துவிட்டு, அது இருந்த காலிப் பெட்டியைத் திரும்பப் பூட்டுங்கள். பெட்டியே இல்லாவிட்டால் புளோயர் காற்று வழியிலேயே சிதறும், மழையில் கண்ணாடிப் பனி விலகாது. பைப் வந்த துளைகளை ரப்பர் அடைப்பானால் மூடுங்கள். இல்லையேல் இன்ஜின் புகை உள்ளே வரும்.

கார்புரேட்டர் வண்டியில் ஏசிக்காக ஐடில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) கூட்டும் வேக்வம் ஹோஸையும் அடைக்க வேண்டும். திறந்து கிடந்தால் காற்று இழுத்து ஐடில் தடுமாறும். கம்ப்ரசர் கிளட்சுக்குப் போன மின் வயரின் முனைக்கு இன்சுலேஷன் சுற்றி, ஏசி ஃபியூஸையும் எடுத்துவிடுங்கள்.