மக்கா கிளியின் கால்: கோளாறு கட்டையில்

எங்கள் மக்கா கிளி (macaw என்னும் பெரிய கிளி) காலை மாற்றி மாற்றித் தூக்கி நின்றது. பறவை மருத்துவர் இருப்பதோ வெகு தொலைவில். பக்கத்துக் கால்நடை மருத்துவர் எலும்பு முறியவில்லை என்று வலி மருந்து கொடுத்தார். மருந்து நின்றதும் பழைய கதைதான். சத்து மருந்தும் பலிக்கவில்லை.

அப்புறம் பறவை மருத்துவரே போனில் உள்ளங்காலின் படம் கேட்டார். கையில் பிடித்தால் கிளி என் விரலைக் கடிக்காமல் விடாது! அடிப்பக்கம் தெளிவாகத் தெரியும் பிளாஸ்டிக் பெட்டியில் நிற்கவிட்டு, கீழிருந்து எடுத்தேன். நல்ல பாதத்தில் பொடிப்பொடியாக மேடுகள் இருக்கும். இதில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, வழவழவென்று சிவந்திருந்தது. கூண்டில் கிளி நிற்கும் கட்டைகள் எல்லாமே ஒரே பருமனில் கடைந்தவை. பாரம் முழுக்க ஒரே இடத்தில்.

பூச்சிமருந்து படாத கோணல் கிளைகளைப் பட்டையோடு, வெவ்வேறு பருமனில் மாட்டினேன். இரவில் தூங்கும் உச்சிக் கட்டையை முதலில் மாற்றுங்கள். அதிக நேரம் நிற்பது அங்கேதான். சிவப்பு மெல்ல வடிந்தது. அப்பாடா!