ஷேர் புரோக்கிங் கம்பெனில சிஇஓ ஆனதும் பண்ணக்கூடாத தப்புகள்

கிளையன்டுக்கு ஆர்டர் போடுற டீலரா ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து, பிராஞ்ச் மேனேஜர், ரீஜனல் ஹெட்னு ஏறி வந்து சிஇஓ ஆன பசங்க நிறைய பேர பாத்துட்டேன், புதுசுல நான் அடிச்ச அதே கூத்தத்தான் அவங்களும் அடிக்கிறாங்க. ஆபீஸுக்கு கிளாஸ் கதவு போடுறது, டிவில முகம் காட்டுறது எல்லாம் தானா தெளிஞ்சிரும், விடுங்க.

கிளையன்ட் பேலன்ஸ நம்ம கேப்பிட்டல்னு நெனைக்கிறது

பெரிய டிரேடர் ஒருத்தர் டெபிட்ல நிப்பாரு, மறுநாள் காலைல பே-இன் (டிரேடுக்கு எக்ஸ்சேஞ்சுக்கு தரவேண்டிய பணம்) கட்டணும், இன்னொரு பக்கம் ரிட்டயர் ஆன யாரோ ஒருத்தரோட கிரெடிட் சும்மா கெடக்கும். "ரெண்டு நாள்தானே சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னு அக்கவுண்ட்ஸ்ல ஒரு குரல் வரும். புதுசா சிஇஓ ஆன ஒரு தம்பி இதையே எங்கிட்ட ஐடியா மாதிரி கேட்டான், "எல்லாரும் பண்றதுதானேண்ணே"ன்னு. வந்துச்சு பாருங்க கோவம்.

கார்வி கதை தெரியாமலா இந்த தொழிலுக்கு வர்றீங்க? ஹைதராபாத்ல சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட்ஸ் சேந்து ஆரம்பிச்ச கம்பெனி, கணக்கு தெரியாதவங்க இல்ல. பவர் ஆஃப் அட்டர்னிய வச்சு கிளையன்ட் ஷேர தன்னோட டீமேட் அக்கவுண்டுக்கு மாத்தி, அத பேங்க்ல அடகு வச்சு, 2,000 கோடிக்கு மேல கடன் வாங்கினாங்க. 1,096 கோடி அவங்க குரூப்போட ரியல் எஸ்டேட் கம்பெனி கார்வி ரியால்ட்டிக்கு போயிருக்குனு 2019 நவம்பர்ல வந்த ஆர்டர்ல மார்க்கெட் ரெகுலேட்டர் செபி சொல்லுச்சு. மறுவருஷம் என்எஸ்இ எக்ஸ்சேஞ்ச் வெளிய அனுப்பிருச்சு, 2021ல சேர்மன் பார்த்தசாரதி அரெஸ்ட், 2023ல மார்க்கெட் பக்கமே வரக்கூடாதுனு செபியோட 7 வருஷ தடை. ஒரு ஆளோட மொத்த கேரியரும் அங்க முடிஞ்சுது.

2020 செப்டம்பர்லேந்து கிளையன்ட் ஓடிபி போடாம மார்ஜின் பிளெட்ஜ் (டிரேடுக்கு ஈடா ஷேர அடகு வைக்கிறது) நடக்காது, ஷேரும் அவர் டீமேட்லயே இருக்கும். பணத்துக்கும் எக்ஸ்சேஞ்ச் கணக்கு போடுது, நம்மகிட்ட இருக்குற கிளையன்ட் பணம் நாம அவங்களுக்கு தரவேண்டிய கிரெடிட்ட விட கொறஞ்சா 'ஜி' மைனஸ்ல விழும், உடனே போன் வரும். அந்த தம்பிக்கு 'ஜி'ன்னா என்னனே தெரியல! சிஇஓவாம்.

எஃப் அண்ட் ஓவ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) மட்டும் நம்புறது

2022லேந்து 2024 வரைக்கும் மூணு நிதியாண்டுல இதுல எறங்கின தனிநபர் டிரேடர்ஸ்ல 93% பேருக்கு நஷ்டம்னு செபியே கணக்கு போட்டுச்சு. தோத்துட்டே இருக்கறவன் எத்தன நாள் பிரோக்கரேஜ் கட்டுவான்? 2024 நவம்பர்ல வீக்லி எக்ஸ்பைரிய (வாராவாரம் முடியிற இன்டெக்ஸ் கான்ட்ராக்ட்ட) எக்ஸ்சேஞ்சுக்கு ஒண்ணுனு கொறச்சப்ப, அத வச்சே பட்ஜெட் போட்டவங்க மொகத்த பாத்திருக்கணும்.

கம்ப்ளையன்ஸ் ஆபீசர சேல்ஸ் ஹெட்டுக்கு கீழ வைக்கிறது

விதிய மீறாம பாத்துக்கறதுதான் அவர் வேலை, வைக்காதீங்க.

மார்க்கெட் நேரத்துல ஆப் அப்டேட்

3:30க்கு அப்புறம்.

ஆதரைஸ்ட் பெர்சன (நம்ம பேர்ல கிளையன்ட் புடிக்கிற ஏஜென்ட்ட) போய் பாக்காம விடுறது

எங்கயோ ஒரு ஊர்ல அவரு "மாசம் 3% கேரண்டி"ன்னு நம்ம போர்டு போட்ட ரூம்ல உக்காந்து பணம் வாங்கினா, கேள்வி நமக்குத்தான் வரும். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்ல கையெழுத்து மட்டும் போடாம நேர்ல போங்க, அவர் இல்லாதப்ப ரெண்டு கிளையன்ட்கிட்ட பேசுங்க.